நூல் கட்டிய பேனா

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேனாவையே தொடுவதில்லை என்று யார் சொன்னது? 2023 அக்டோபரில் தி.மு.க. இளைஞரணி நீட் விலக்குக் கேட்டு, 50 நாளில் 50 லட்சம் கையெழுத்து என்று கிளம்பியதே, அதைவிடப் பெரிய எழுத்துப் பயிற்சி நாட்டில் உண்டா? ஸ்டாலின் தம் 63 வயது வரை நடத்திய அணி அது. இளமை அங்கே அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை.

கையெழுத்து இயக்கம் நடத்துவது எந்தக் கட்சிக்கும் எளிது. பேருந்து நிலைய வாசலில் ஒரு சாமியானா, ஒரு மேசை, நூல் கட்டிய பேனா. நூல் எதற்கு என்று கேட்கக் கூடாது. மக்களை நம்புகிற இயக்கத்திலும் பேனாவுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். "அண்ணே, எதுக்குன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல போடுங்க." கொள்கை விளக்கம் இவ்வளவு சுருக்கமாக வேறெங்கே கிடைக்கும்?

2025 மார்ச்சில் பா.ஜ.க.வும் மும்மொழிக் கொள்கைக்கு ஒரு கோடி கையெழுத்து என்று களத்தில் குதித்தது. மாநிலத்துக்கே நல்ல காலம். இந்த வேகத்தில் நுழைவுத் தேர்வே வேண்டாம்: அதிகக் கையெழுத்து சேர்த்த பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். சீட்; இரண்டு மேசையிலும் போட்டவருக்கு நேரே முதுநிலை.

சின்னக் குறை ஒன்று. நீட் விலக்கு மசோதாவை 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் இரண்டாம் முறையும் நிறைவேற்றியது. அது சட்டமாக வேண்டியிருந்த கையெழுத்து ஒன்றே ஒன்றுதான், குடியரசுத் தலைவருடையது; 2025-இல் அது கிடையாது என்றாகிவிட்டது. அதுவரை அவர் வீடு எந்த வட்டச் செயலாளர் எல்லையில் வருகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.