காற்றுக்கும் கூலி

மொரிஸ் மைனர் காரின் முன்பக்க மட்கார்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கலாம். பத்துக் கிலோ தேறாது. அதையே இங்கிலாந்தில் ஒரு பெட்டியில் போட்டுக் கூரியர்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். பெட்டி 120 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், 40 உயரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 5000 ஆல் வகுப்பது அந்தத் தொழிலின் வாய்ப்பாடு. விடை 57.6. பத்துக் கிலோ இல்லாத மட்கார்ட் விமானப்படி ஏறும்போது 57.6 கிலோவாகிவிடுகிறது. அது ஒன்றும் தின்று கொழுக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள். இதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஞ்சு மூட்டைக்காரன் பஸ்ஸில் நாலு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு, எடை குறைவு என்று அரை டிக்கட் கேட்டால் கண்டக்டர் என்ன சொல்வாரோ அதைத்தான் கூரியர் கம்பனியும் சொல்கிறது. ஆனால் இதிலிருந்து ஒன்று விளங்கவேண்டும். தனி ஆளாக ஓர் உதிரிப்பாகத்தைத் தருவிக்கிறவர் உண்மையில் தருவிப்பது காற்றை. நடுவில் கொஞ்சம் தகடும் இருக்கும். ஊவா மலைச்சரிவில் உள்ள ஹல்துமுல்லை மாதிரியான இடத்தில் பழைய வாகனம் வைத்திருப்பவர், வெளிநாட்டிலிருந்து எதையாவது எடுக்கவேண்டுமானால் நாலு பேரோடு சேர்ந்து எடுக்கவேண்டும், இல்லையேல் எடுக்காமலே இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

கப்பலில் போட்டால் மலிவு என்பார்கள். மலிவுதான், கணக்குத் தெரிந்தவருக்கு. கொள்கலன் ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுக்க வசதியில்லாதவர்களின் சாமான்களை ஒரே கொள்கலனில் சேர்த்து அடைத்து அனுப்புவதுதான் சரக்கு அனுப்புநரின், அதாவது ஃபோர்வர்டரின், முக்கியமான வேலை. அவருக்குச் சொந்தமாகக் கப்பல் கிடையாது. பெரும்பாலும் லொறிகூடக் கிடையாது. இருப்பது ஒரு தொலைபேசியும் யார் யாருக்கு எவ்வளவு இடம் என்ற கணக்கும்தான். ஒரு தொன் எடை அல்லது ஒரு கனமீற்றர் இடம், இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கூலி. அதற்குக் குறைந்தாலும் பொதுவாக ஒரு கனமீற்றருக்கு உரியதைக் கட்டியாக வேண்டும். நமது மட்கார்ட் பெட்டி 0.288 கனமீற்றர். ஒருவர் ஒன்றை மட்டும் அனுப்பினால் மிச்சம் முக்கால் கனமீற்றருக்குக் காற்றுக்கூலி. அதே பணத்தில் அப்படி மூன்று பெட்டிகள் தாராளமாக வரும். இது நமக்குத் தெரியாத வித்தையா? பத்துப் பேர் மாதாமாதம் காசு போட்டு ஒருவருக்குக் கொடுக்கும் சீட்டு இல்லாத தோட்டம் ஊவாவில் எங்கே இருக்கிறது? ஃபோர்வர்டர் என்பவர் கடலில் சீட்டுப் பிடிக்கிறவர், அவ்வளவுதான். தமிழில் அவருக்கு நல்ல பெயர் கிடைக்காமல் கலைச்சொல் குழுக்கள் திண்டாட வேண்டியதில்லை.

விலைக்குறிப்பில் வரும் மூன்றெழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றுக்குச் சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936இல் முதன்முதலாக விதி எழுதியது. கடைசிப் பதிப்பு 2020க்குரியது. எஃப்.ஓ.பி. என்றால் அந்த நாட்டுத் துறைமுகத்தில் கப்பலேற்றுவதோடு விற்றவர் கைகழுவிவிடுவார். இ.எக்ஸ்.டபிள்யூ. என்றால் அவர் தன் கடை வாசலிலேயே கைகழுவிவிடுவார்; மிச்சம் உங்கள் பாடு. சி.ஐ.எஃப். கொழும்பு என்றால் கொழும்பு வரைக்கும் கப்பல் கூலியையும் காப்புறுதியையும் அவர் கட்டுகிறார் என்று பொருள். ஆனால் சாமான் கப்பலேறிய கணத்திலிருந்து அதற்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு வாங்கியவருடையது. கூலி கட்டியவர் ஒருவர், கவலைப்படுகிறவர் இன்னொருவர். கலியாண வீட்டு ஏற்பாடு மாதிரி. ஹல்துமுல்லை என்று இந்த மூன்றில் எதிலும் இல்லை. கொழும்பில் இறங்கியபின் டெலிவரி ஓர்டர் கட்டணம், கொள்கலனைப் பிரிக்கும் கட்டணம், சாமானைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் வார்ஃப் கிளார்க்கின் கட்டணம், அவர் ஒருநாள் பிந்தினால் தாமதக் கட்டணமான டெமரேஜ். கடல் கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்துக் காட்டிவிட்டு இந்தப் பக்கத்தில் வைத்து வாங்குவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். இவற்றில் பெரும்பாலானவை பெட்டி பெரிதா சின்னதா என்று பார்ப்பதில்லை. ஒரு போல்ட் வந்தாலும் ஒரு பற்றுச்சீட்டு, ஓர் என்ஜின் வந்தாலும் ஒரு பற்றுச்சீட்டு.

அடுத்தது சுங்கம். இங்கே வரி போடுவது மட்கார்டின் விலைக்கு மட்டுமல்ல. விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த தொகைக்கு. அதாவது நாம் கட்டிய காற்றுக்கூலிக்கும் வரி உண்டு. அது முடிந்ததும் பெறுமதி சேர் வரி வருகிறது. 2024 ஜனவரி 1 முதல் அது 18 வீதம். அதைக் கணக்கிட, சி.ஐ.எஃப். தொகையோடு பத்து வீதத்தைக் கூட்டி, ஏற்கெனவே கட்டிய சுங்க வரியையும் துறைமுக அறவீட்டையும் செஸ் இருந்தால் அதையும் கூட்டி, அந்த மொத்தத்தின்மேல் போடுவார்கள். வரிக்கு வரி என்று யாராவது முகம் சுளித்தால், வட்டிக்கு வட்டி கண்ட நாட்டில் இது என்ன புதுமை என்று கேட்கத் தோன்றுகிறது. ஆகவே விமானத்தில் தனியாக வரும் பெட்டி இரண்டு முறை தண்டிக்கப்படுகிறது. கூலியில் ஒருமுறை, அந்தக் கூலியின்மேல் ஏறும் வரியில் இன்னொருமுறை. கூட்டாக வந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

இனி ஹல்துமுல்லைக்கு வருவோம். கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா என்று 170 கிலோமீற்றருக்கு மேல் ஏ4 வீதியில் வந்து மலையேறவேண்டும். இதிலும் ஒரு வேடிக்கை. சாமானைப் பண்டாரவளைக் கடைக்காரர் பெயரில் எடுத்தால், அதை ஏற்றிய லொறி ஹல்துமுல்லையில் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, பெரகலையில் திரும்பி, அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்குப் போகும். பிறகு நீங்கள் அதே வழியில் மேலே போய், அதைக் கீழே கொண்டுவர வேண்டும். அரை உலகம் கடந்து வந்த மட்கார்டைக் கடைசி மலையில் இரண்டாவது தரம் ஏற்றி இறக்கும் பாக்கியம் நமக்கு மட்டும்தான்.

பெயரும் இலக்கமும் போட்டுச் சரக்கை அனுப்பி, கூலியைச் சேருமிடத்தில் வசூலிக்கும் முறை இந்த மலைக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்தபோது, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்துண்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும்; தோட்டம் அதைத் தொழிலாளியின் கணக்கில் ஏற்றும். கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டுச்சீட்டு தீராமல் ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் ஒழித்தது. அனுப்புபவர், பெறுபவர், சரக்குக் கூலி சேருமிடத்தில் என்று இன்றைய கப்பல் பத்திரத்தில் இருக்கும் கட்டங்களின் வேலையை அன்று அந்தத் தகரம் செய்தது. துயரத்தைப் போய் மட்கார்டோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒப்பிட்டவன் நானல்ல, தகரம் அடித்தவன். அதே காலத்தில் துரைமார் தங்களுக்கு வேண்டியதை எப்படி எடுத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய பட்டறையின் சிரொக்கோ தேயிலை உலர்த்திகள் இந்த மலைகளுக்கு வந்தன. தோட்டத்துத் துரை ஒவ்வொருவரும் பெல்ஃபாஸ்டுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. தோட்டங்களின் முகவராகக் கொழும்பில் இருந்த ஏஜன்சி ஹவுஸ் பல தோட்டங்களின் தேவையையும் சேர்த்துப் பார்த்து, சேர்த்து எடுத்து, ரயிலில் ஏற்றியது. சீட்டு என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது; சீட்டு தெரிந்திருந்தது. தனித்தனிக் கணக்கில் வந்தவர்கள் கடனாளியானார்கள், சேர்ந்து வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள். இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்கவேண்டும். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். ரொயோட்டாவுக்கும் இசுசு லொறிக்கும் அங்கே கிடைக்காதது குறைவு. ஆட்டோவுக்கோ அப்புத்தளை வரைக்கும் போனாலே போதும். கொழுந்து லொறியையும் மரக்கறி லொறியையும் ஓட்டுகிறவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மடித்து வைத்துவிடலாம். சிக்கல் எல்லாம் மொரிஸ், ஒஸ்ரின், பழைய லேண்ட்ரோவர், 4டிஆர்5 ஜீப் என்று பிடிவாதமாக வைத்திருப்பவர்களுக்குத்தான். அவர்கள் பழைய சாமானை மாதிரிக்குக் கழற்றிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸேறி, கடை கடையாக நீட்டிக் காட்டி, ‘இதுவல்ல, இதன் தம்பி இருக்கிறது’ என்ற பதிலோடு இரவில் திரும்புவார்கள். ஒருநாள் சம்பளமும் வண்டி நிற்கும் நாட்களும் கணக்கில் சேர்ந்தால் அதுவும் ஒருவகைக் காற்றுக்கூலிதான்.

லேத் பட்டறையில் பாஸ் கடைந்து தரமாட்டாரா என்பது இரண்டாவது கேள்வி. தருவார். புஷ், பின், ஷாஃப்ட், ஸ்பிரிங் தட்டுக் கொக்கி எல்லாம் தருவார். அவற்றைக் கடல் கடந்து எடுப்பவருக்குப் பணம் கூடிப்போயிற்று என்றுதான் அர்த்தம். ஆனால் கண்ணாடியைக் கடைய முடியாது, ரப்பர் சீலைக் கடைய முடியாது. பிரேக் சிலிண்டரின் உள்ளுறுப்புகளில் கைவண்ணம் காட்டுவதை நான் ஒருநாளும் ஆதரிக்கமாட்டேன். பெரகலையிலிருந்து கீழே இறங்கும்போது கலையுணர்வுக்கு இடமில்லை.

பழசை விற்றுப் புதுசு வாங்கவேண்டியதுதானே என்பது மூன்றாவது கேள்வி. கேட்பவர் 2020 மார்ச்சுக்கும் 2025 பெப்ரவரிக்கும் இடையில் இந்த நாட்டில் இருக்கவில்லை போலும். அந்த ஐந்து வருடத்தில் தனியார் கார் இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறியது. கல்லாய்க் கிடந்த வண்டிகள் எல்லாம் தங்கமாயின. இப்போது இறக்குமதி திறந்திருக்கிறது என்பது உண்மை. விலையைக் கேட்டவர் பலர் பழைய வண்டியை இன்னொருமுறை கழுவித் துடைக்கத் தொடங்கியதும் உண்மை.

நாலாவது கேள்விதான் கனமானது. நாலு பேர் சேர்ந்தால் சண்டை வராதா? வரும். சீட்டில் வராத சண்டையா? பிழையான சாமான் வந்தால் யார் நட்டத்தை ஏற்பது என்பதில்தான் முதலில் தகராறு தொடங்கும். மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் வந்த ஆரம்ப வண்டிகளில் முன்விளக்குகள் கிரில்லுக்குப் பக்கத்தில் தாழ்ந்து இருந்தன; பின்னர், 1951வாக்கில், மட்கார்டின் மேல் ஏறிவிட்டன. 1956இல் இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியாயிற்று. ‘மொரிஸ் மட்கார்ட் ஒன்று’ என்று எழுதிப் போட்டவருக்கு விளக்கில்லாத மட்கார்ட் வந்தால் குற்றம் கப்பலுடையதல்ல. ஆகவே விதி ஒன்று: அவரவர் செஸி இலக்கமும் பாகத்தின் இலக்கமும் அவரவர் கையால் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். விதி இரண்டு: காப்புறுதி செய்யவேண்டும். 2021 மார்ச் 23இல் எவர் கிவன் என்ற 400 மீற்றர் கப்பல் சுயஸ் கால்வாயில் குறுக்கே நின்று ஆறு நாள் உலகத்தை மறித்தது. பின்னர் அதன் உரிமையாளர்கள் பொது இழப்பு என்று அறிவித்தார்கள். கப்பலை மீட்ட செலவில், உள்ளே பெட்டி வைத்திருந்த ஒவ்வொருவரும் பங்கு கொடுக்கவேண்டும் என்பது அதன் பொருள். கப்பல் சீட்டில் ஒருவர் மூழ்கினால் எல்லோரும் நனையவேண்டும், காப்புறுதிதான் குடை. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. மட்கார்டுக்கு ஆபிரிக்கா பார்க்கும் வாய்ப்பு. நமக்குக் கூடுதலாக ஓரிரு வாரங்கள் காத்திருப்பு. தீபாவளிக்கு வண்டி வேண்டுமென்றால் சித்திரையில் எழுதிப்போடுங்கள்.

விதி மூன்று: இறக்குமதி ஒருவர் பெயரில் இருக்கவேண்டும், அவர் வரி இலக்கமும் சுங்கப் பதிவும் உள்ள கடைக்காரராக இருக்கட்டும். அவருக்குக் கொடுக்கும் கழிவை வீண்செலவு என்று நினைக்கவேண்டாம். தனித்தனியே நாலு வார்ஃப் கிளார்க்குகளுக்குக் கொடுப்பதைவிட அது குறைவு.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனரை மட்டுமே பார்த்துவந்த நிலையம் ஒன்று 1990களில் இலங்கையில் கூட்டாக ஒரு பட்டறை தொடங்கி, இங்கே தட்டிய தகடுகளை அங்கே கப்பலேற்றியது. பணம் அனுப்புவதற்கு முன்னால், அந்த மட்கார்ட் எந்த நாட்டில் செய்தது என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.