குளிக்கிற தொட்டிக்குள் ஒரு கார்ச் சில்லு

ஸ்காபரோ,
தை மாதக் கடைசி.

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள், மாமி, கடை, கடை வாசலுக்கு வாழைப்பழத் தோல் தின்ன வருகிற மான் எல்லோரும் சுகமாய் இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். போன கிழமை நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "பொடியனுக்குக் குளிரில மண்டை இளகிப் போச்சோ, கார்ச் சில்லைக் கொண்டுபோய்க் குளிக்க வார்க்கிறான்" என்று மாமி கேட்டதாக அக்கா சொன்னா. போனில் விளக்கினால் பாதியிலேயே சிரித்துப்போட்டு வைத்துவிடுவீர்கள். அதுதான் கடிதம்.

பொங்கலுக்கு முதல் நாள் விடிய, காரை ஸ்டார்ட் பண்ணினால் முன்னால் மஞ்சளாய் ஒரு விளக்கு. லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. பின் சீற்றில் இருந்த சின்னவள், "அப்பா, பொங்கல் பானை எரியுது" என்றாள். ரயரில் காற்றுக் குறைந்தால் எரிகிற விளக்கு அது. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு சின்ன மெஷின் குந்தியிருந்து கோள் சொல்லுகிறது. அமெரிக்காவில் 2007 இலிருந்து புதுக் கார்களுக்கு இது சட்டம். கனடாவில் அப்படிச் சட்டம் இல்லை, ஆனால் இரண்டு நாட்டுக்கும் வேறு வேறாய்ச் செய்யக் கொம்பனிகளுக்குப் பஞ்சிபோல. எங்கள் காரில் எந்தச் சில்லென்று மட்டும் அது சொல்லாது. ஊர்ப் பெரியவர்கள், "உங்கட வீட்டில ஒருத்தர் சரியில்லை" என்று சொல்லிவிட்டு, ஆரென்று கேட்டால் வெற்றிலை போடுவார்களே, அதே மாதிரி.

பக்கத்து வீட்டுக்காரர், "ஒண்டுமில்லை, குளிருக்கு அப்பிடித்தான்" என்றார். அதிலும் நியாயம் உண்டு. ஐந்தாறு பாகை குளிர்ந்தால் ரயரில் ஒரு இறாத்தல் காற்று இறங்கும். நீங்கள் திருகோணமலையில் 30 பாகை வெயிலில் 32 இறாத்தல் அடித்து அனுப்புகிற சில்லு, மைனஸ் 18 இல் இங்கே வந்து இறங்கினால், ஒரு ஓட்டையும் இல்லாமலே 25 இற்குக் கீழே நிற்கும். குறித்த அளவில் கால்வாசி குறைந்தால் விளக்கு எரிய வேணும் என்பது கணக்கு. ஆக, இங்கே முதல் பெருங்குளிர் அடிக்கிற காலையில் பாதி ஊருக்குப் பொங்கல் பானை எரியும்.

ஆனால் நான் உங்கள் ரயர்க் கடையில் வளர்ந்தவன் அல்லவா? குளிர் என்றால் நாலும் சேர்ந்து இறங்க வேணும், ஒன்று மட்டும் இறங்கினால் அது களவு. சின்னவளின் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து, கார் ஓடமுதல் விடியற்காலையில் நாலு சில்லையும் அளந்து எழுதினேன். ஓடிச் சூடேறினபிறகு அளந்தால் கணக்குப் பொய்க்கும். மூன்றாம் நாளே கள்ளன் பிடிபட்டான். மூன்று சில்லு அசையவில்லை. முன் இடப்பக்கம் மட்டும் நாளுக்கு ஒரு இறாத்தலாய் இறங்கிக்கொண்டு வந்தது.

நீங்கள் என்றால் அந்த இடத்திலேயே விரலை நக்கி வால்வு வாயில் எச்சில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். இங்கே மைனஸ் 18 இல் விரலை நக்கி இரும்பில் வைத்தால் விரல் திரும்பி வருமோ தெரியாது. வீட்டிலிருந்து சவர்க்காரத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடினேன். வால்வில் குமிழி இல்லை. அடுத்து ரயரில் ஊற்றினேன். ஊற்றிய இடத்திலேயே கட்டியாய்ப் போய், ரயருக்குக் கண்ணாடிச் சட்டை போட்ட மாதிரி நின்றது. அந்தக் கண்ணாடிக்கு அடியில்தான் கண்டேன்: ஒரு ஸ்குரூ ஆணித் தலை! பொன் எடுத்தவன்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

ஒரு ரயர் கடைக்குப் போனேன். அங்கே நின்றவர் சில்லைத் தொடவும் இல்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு, புது ரயர் போடச் சொன்னார். ஒன்று போட்டால் சோடி பொருந்தாதாம், அதனால் இரண்டு. இரண்டு என்றால் நாலாய்ப் போடுவது புத்தியாம். போதாததுக்கு, சாதாரணக் காற்று இறங்கும், நைட்ரஜன் அடித்தால் இறங்காது என்று அதற்கும் ஒரு விலை சொன்னார். மாமா, நீங்கள் இத்தனை வருசமாய்ச் சும்மா அடித்துவிட்ட காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதற்குக் காசு வாங்கியிருந்தால் இப்போது உவர்மலையில் மாடிவீடு கட்டியிருக்கலாம்.

மனம் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சில்லைக் கழற்றினேன். சில்லை அமிழ்த்தி ஓட்டை பார்க்கிற உங்கள் கடைத் தொட்டி நினைவுக்கு வந்தது. 1957 இல் வெள்ளைக்கார நேவி டொக்யார்டை விட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போன இரும்புத் தொட்டி என்று அம்மப்பா சொல்லுவாரே, அதுதான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கமுதல், பாதைப் படகில் ஏறி வந்த லொறிக்காரர்கூட அந்தத் தொட்டிக்காகத்தான் உங்களிடம் வருவார்கள். எனக்கு ஸ்காபரோவில் அந்த அளவில் இருக்கிற ஒரே தொட்டி, குளிக்கிற தொட்டி.

உங்கள் மருமகள் கடைக்குப் போகும்வரை காத்திருந்து, தண்ணீர் நிரப்பி, சில்லைப் படுக்க விட்டேன். அது வள்ளம் மாதிரி மிதக்குது! இருபது கிலோ அலுமினியமும் ரப்பரும் மிதக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உங்கள் தொட்டிக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் எதற்கு என்று நாற்பது வருசத்துக்குப் பிறகு அன்றுதான் விளங்கியது. என்னிடம் சட்டம் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நானே மேலே ஏறி நின்றேன்.

"முதல் வாற குமிழி பொய்க் குமிழி" என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. ரயர்க் கட்டைகளுக்கு இடையில் ஒளித்திருந்த காற்றெல்லாம் பொலபொலவென்று வந்து அடங்கியது. குனிந்து கையால் தடவிவிட்டுப் பொறுத்திருந்தேன். ஸ்குரூ ஆணி வாயே திறக்கவில்லை. வால்வும் சாது. பிறகு பார்த்தால், றிம்மும் ரயரும் கடித்துக்கொண்டிருக்கிற விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்கு, கரையில் ஏறின நண்டு நுரை கக்குமே, அப்படிப் பொடிப்பொடியாய்க் குமிழி. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முயலகன்மேல் நிற்கிற நடராசர் மாதிரி, ஒரு கால் சில்லில், ஒரு கால் தொட்டி விளிம்பில் நான். மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அதுதான் பயம்.

காரணம் என்ன தெரியுமோ? உப்பு. நம்முடைய துறைமுகக் கரையில் கடற்காற்று ஓசியாய்க் கொண்டுவருகிற உப்பை, இங்கே நகரசபை காசு கொடுத்து வாங்கி, லொறி லொறியாய் ரோட்டில் கொட்டுகிறது, பனிக்கட்டி இளகுவதற்கு. நிலாவெளி உப்பளத்தைக் கொண்டுவந்து கொட்டினாலும் இவர்களுக்கு ஒரு நாள் காணாது. அந்த உப்புத் தண்ணீர் றிம் விளிம்புக்குள் போய் அலுமினியத்தைத் தின்கிறது. இரும்பு றிம் என்றால் சிவப்பாய்த் துரு, அலுமினியம் என்றால் வெள்ளைத் தூள். அந்தத் தூள் ரயரைக் கொஞ்சம் தள்ளிவிட, அந்த இடைவெளியால் காற்று ஆரும் காணாமல் வெளியேறும். கடல் அரித்த றிம்மை நீங்கள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கண்ணாடிக் கடதாசியால் தேய்க்கச் சொல்லி என்னைப் பிடித்து இருத்தினீர்களே, அப்போது உங்களை எவ்வளவு திட்டியிருப்பேன்!

அடுத்த நாள் நம்மட பொடியன் ஒருவன் வேலை செய்கிற கராஜுக்குக் கொண்டுபோனேன், மூதூர்ப் பிள்ளை. "அண்ணை, விளிம்பாலதானே போகுது?" என்று நான் வாய் திறக்கமுதல் கேட்டான். மெஷினில் வைத்து ரயரை றிம்மிலிருந்து பிரித்தான். உள்ளே அரிசிமா கொட்டின மாதிரி வெள்ளை. கம்பித் தூரிகை போட்டு உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, விளிம்பு முழுக்கக் கறுப்புப் பசை ஒன்றைத் தடவி, காற்றை ஏற்றினான். "டொப், டொப்" என்று இரண்டு வெடி. ரயர் போய் இடத்தில் குந்துகிற சத்தம். நான் மட்டும்தான் துள்ளினேன்.

ஸ்குரூ ஆணியையும் குறட்டால் இழுத்தான். அரை அங்குலமும் இல்லை, கட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளே போயிருந்தால் ரயரைக் கழற்றி, உள்பக்கத்தால் காளான் மாதிரி ஒரு ரப்பரைச் செருகி ஒட்டுவானாம். அதுவும் ஓடுகிற தளத்தில், ஆறு மில்லிமீற்றருக்கு மேற்படாத ஓட்டைக்குத்தானாம். பக்கச் சுவரில் என்றால் கையே வைக்க மாட்டானாம். நீங்கள் வெளியால் திரியைக் குத்தி ஏற்றி அனுப்புவீர்கள் என்று சொன்னேன். "ஐயாவுக்கு அது சரி, எனக்கு இங்க லைசென்ஸ் போகும்" என்றான். கூலி முப்பது டொலர். நம்மட காசுக்கு ஆறாயிரத்துக்கு மேலே என்று மருமகள் உடனே பெருக்கிச் சொன்னாள். நாலு புது ரயர் விலையையும் பெருக்கிப் பார் என்றேன். அதன்பிறகுதான் கதைக்கத் தொடங்கினாள்.

கதைத்ததும் தொட்டியைப் பற்றித்தான். சில்லு படுத்த இடத்தில் கறுப்பாய் ஒரு வளையம். பிரேக் தூளும் ரோட்டுத் தாரும். விம் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், போகிறதாய் இல்லை. மாசியில் அவளின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறா. டொக்யார்ட் தொட்டியை நீங்கள் எதால் கழுவுவீர்கள் என்று உடனே எழுதுங்கள். கழுவினதே இல்லை என்றால், அதை மட்டும் மருமகளுக்குச் சொல்லாதேயுங்கோ.

மாமிக்கு என் அன்பு. மானுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: இன்று விடியக் கொப்பியில் எழுதினது: 33, 33, 33, 31. அந்த 31 பின் வலப்பக்கம். மருமகள் நாளைக்குக் கடைக்குப் போகிறாள்.