மார்க்கத்துப் பிசாசு

1987இல் ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி வடக்கே போனால் வயல்வெளியும் பழைய களஞ்சியங்களும்தான். ரொறன்ரோ அந்த வீதியோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மார்க்கம் என்று ஓர் ஊர் இருந்தது. எங்களுக்கு அங்கே ஓர் அலுவலும் இல்லை. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நாங்கள் ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகளில் பாய் விரித்துப் படுத்திருந்தோம்.

மார்க்கத்தில் அலுவல் இருந்தது ஜோன் மிக்கல் தோருக்கு. வான்கூவர்காரர். ஆணழகன் பட்டங்களை வென்றபின் ஹெவி மெட்டல் பாட வந்தவர். மேடையில் இரும்புக் கம்பியை வளைப்பார், சுடுதண்ணிப் பையை வாயால் ஊதியே வெடிக்கவைப்பார். அவர் கதை எழுதி, தயாரித்து, தானே நாயகனாக நடித்த ‘ராக் அண்ட் ரோல் நைட்மேர்’ என்ற பேய்ப்படம் அந்தப் பக்கத்துப் பண்ணைவீடொன்றில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் ஜோன் ஃபசானோ. ஒரு கலியாண வீட்டுக்கு எடுக்கிற நேரத்துக்குள் முழுப் படத்தையும் சுருட்டிவிட்டார்கள். தியேட்டருக்கு அனுப்பும் எண்ணமே இல்லாமல் நேரே வீடியோக் கடைக்கு வந்தது. அட்டையைப் பார்த்து மயங்கி மச்சான் கசெற்றைத் தூக்கிவந்தான்.

படம் தொடங்கிக் கொஞ்சத்தில் பாட்டுக்குழு ஒரு வானில் வருகிறது. வான் ஓடுகிறது. இன்னும் ஓடுகிறது. கசெற் சிக்கிவிட்டதோ என்று மச்சான் எழும்பிப்போய் டெக்கைத் தட்டிப் பார்த்தான். சிக்கவில்லை. படத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டுமே. பெற்றோல் மலிவு, பேய்க்குத்தான் செலவு கூட. இசையும் சினிமாவும் கலையும் செழிக்கும் இடம் ரொறன்ரோதான், அதனால் இங்கே பாட்டுப் பதிய வந்தோம் என்று படத்தில் ஒரு விளக்கம் வரும். குடிவரவு அதிகாரியிடம் நாங்கள் இப்படி ஒரு காரணம் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்திலேயே ஏற்றியிருப்பார்.

பிறகு சமைக்கிறார்கள், கோப்பை கழுவுகிறார்கள், முத்தமிடுகிறார்கள். நீண்ட குளியல் காட்சி ஒன்று வந்தது. அக்கா உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வரவும் கசெற் தானாக வேகம் பிடித்தது. ஒற்றைக்கண் ரப்பர் பொம்மைகள் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டின. டிரம்ஸ்காரர் பேசுவது எந்த நாட்டு ஆங்கிலம் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலம் தெரியாததால் வந்த குறை என்று நினைத்தோம்.

கடைசியில்தான் விஷயமே. தோர் சாதாரணப் பாடகர் அல்லவாம், தேவதூதராம். செத்தவர்கள் மனிதரே இல்லையாம். பிசாசைப் பொறியில் விழுத்த அவர் உண்டாக்கிய மாயைகளாம். உடனே ஆணி பதித்த தோல் ஜட்டியோடு, பொன்முடி பறக்க, ரப்பர்ப் பிசாசோடு மல்லுக்கு நின்றார். பிசாசு நட்சத்திரமீன் மாதிரி எதையோ எறிந்தது. அவர் அவற்றைத் தன் நெஞ்சோடு தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு வலியில் கதறினார். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாடகைக்கு எடுத்த கசெற் அல்லவா, காசு கொடுத்ததற்குப் பயப்படத்தானே வேண்டும்.

இன்று என் மருமகன் தோரின் படம் போட்ட ரீசேர்ட்டோடு திரிகிறான். இப்போது அது நகைச்சுவைப் படமாம். அதில் ஒரு சட்டகமும் மாறவில்லை. பார்க்கிற ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். நடிப்பு மோசம் என்றேன்.

“மாமா, அவை ஆக்களே இல்லை. தோர் கற்பனை செய்தது. அப்ப அப்பிடித்தானே நடிப்பினம்?”

உலகத்தில் எந்த இயக்குநரும் தன் நடிகர்களுக்கு இதைவிட நல்ல வக்கீலை வைத்ததில்லை. 2005இல் இரண்டாம் பாகம் வந்தது. 2015இல் தோரைப் பற்றி ஆவணப்படமும் வந்தது. குழுவில் ஒருவராக நடித்துச் செத்த ஃபிராங்க் டீட்ஸ் பின்னர் டிஸ்னியில் அனிமேஷன் கலைஞரானார். மாயையாகப் பிறந்தவருக்கு அது பொருத்தமான உத்தியோகம்.

மார்க்கமும் 2012இல் நகரமாகிவிட்டது. வன்னி என்ற பெயரில் அங்கே ஒரு தெரு இருக்கிறது. வயல் இருந்த இடத்தில் வீடுகள், வீடுகளுக்குள் நாங்கள், எங்கள் நிலக்கீழ் அறைகளில் புதிதாக வந்த மாணவர்கள். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் போடக்கூடாது என்று மச்சான் தன் வாடகைக்காரருக்குக் கடதாசி ஒட்டியிருக்கிறான். வீடு விற்றுக்கொடுக்கும் முகவராகவும் இருக்கிறான்.

அந்தப் பண்ணைவீட்டைத் தேடிப்போய்ப் படம் பிடிக்க வேண்டும் என்று மருமகன் போன கிழமை அவனிடம் கேட்டான்.

“காணி எத்தனை அடி அகலம்?” என்றான் மச்சான்.

“சித்தப்பா, அது பேய் வீடு. நரகத்துக்கு வழி அங்கதான்.”

மச்சான் கொஞ்சம் யோசித்தான். “தனி வாசலோ? அப்ப பேஸ்மென்டுக்கு இன்னும் ஒரு ஐந்நூறு கூட்டிக் கேக்கலாம்.”