புதுப்பித்தவர்களுக்கு ஒரு வாழ்த்து

இயங்குதளங்களை ஓயாமல் புதுப்பிப்பவர்களின் காவலை முதலில் வாழ்த்த வேண்டும். விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பு தொடங்கி, முறையான கையெழுத்து இல்லாத டிரைவர் மென்பொருளை அவர்கள் கணினியின் உள்ளறைக்குள் விடுவதில்லை. 2016இல் விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்போடு கட்டுக்காவல் இறுகியது. புதிதாக எழுதும் டிரைவருக்கு மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்தே வேண்டும் என்றானது. விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்று இன்னொரு பூட்டு. கேரளத்து நல்லேப்பிள்ளியில் கானமேளாவுக்கு வாசிக்கும் ஒருவர் பழைய கீபோர்டின் கேபிளை அப்டேட் ஆன லேப்டாப்பில் செருகினால், ‘அறியப்படாத சாதனம்’ என்று பதில் வருகிறது. திருடனையும் வாத்தியக்காரனையும் ஒரே கண்ணால் பார்க்கும் நடுநிலை அது.

நாள் தவறாமைக்கும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடியும் என்றார்கள். சொன்ன தேதியில் முடித்தார்கள். விண்டோஸ் 11க்கு மாறலாம், ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். அது இல்லாத லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த லேப்டாப்புக்கான பணத்தைச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை உற்சவங்களில் இரவெல்லாம் வாசிப்பவர் ஈட்டிக்கொள்வார் என்று அவர் உழைப்பின்மேல் வைத்த நம்பிக்கை பெரிது.

எல்லாவற்றுக்கும் மேலானது அவர்களுடைய துறவு. பற்று வைத்தவர்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் இரண்டும் பேசிவைத்து ஏற்ற அந்தப் பொதுமொழிதான் மிடி. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட் போகும்: எந்தச் சேனல், எந்தக் கட்டை, எவ்வளவு வேகம். அதற்காகச் சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுடாரோ காகெஹாஷிக்கும் 2013இல் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. 2020இல் மிடி 2.0 வந்தபோதும் பழைய மிடியைக் கைவிடவில்லை. 1983இல் செய்த கீபோர்டு இன்றைய கருவியோடு இன்றும் பேசும். பழசின் மேல் இப்படிப் பற்று வைத்தவர்கள் கருவிக்காரர்கள். இயங்குதளக்காரர்களுக்கு அந்தப் பற்று இல்லை. சவுண்ட் கார்டிலிருந்த பழைய கேம்போர்ட்டை, மிடிக்கு அதுவே வாசலாக இருந்தும், விஸ்டாவோடு துறந்தார்கள். 2019 அக்டோபரில் வந்த மேக் கேட்டலினா 32 பிட் மென்பொருள்கள் அத்தனையையும் ஒரே வீச்சில் துறந்தது. கீபோர்டின் மொழி மாறவேயில்லை. கேட்கும் காதுதான் புதுசு புதுசாக மாறுகிறது.

எலப்புள்ளி நல்லேப்பிள்ளியிலிருந்து தொலைவில்லை. 1928இல் அங்கே பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனின் ஆர்மோனியத்துக்கு அப்டேட் என்ற பாக்கியம் கடைசிவரை கிட்டவில்லை. முதல் நாள் போலவே மறுநாளும் அது ஒலிக்க வேண்டியிருந்தது.

கீபோர்டு செய்பவர்களில் சிலரையும் விடக்கூடாது. தனி டிரைவர் இல்லாமலே யூஎஸ்பி வழியாக மிடி போவதற்கான பொது விதி 1999இலேயே வந்துவிட்டது. வந்த பிறகும் தங்கள் மாடல்களுக்கென்று தனி டிரைவர் எழுதிய உழைப்பாளிகள் அவர்கள். மாடல் விற்பனை நின்றதும் டிரைவர் எழுதுவதையும் நிறுத்திவிடும் சிக்கனமும் அவர்களிடம் உண்டு. அந்தப் பொது விதிப்படி செய்த கீபோர்டாக இருந்தால் பிழைக்க வழி இருக்கிறது: பழைய டிரைவரை நீக்கிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் ‘யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்’ என்பதை நாமே தேர்ந்தெடுத்தால் பல சமயம் பேசத் தொடங்கும். இல்லையென்றால் பின்புறத்து ஐந்து ஊசி மிடி துளையிலிருந்து, அதே விதிப்படி செய்த மிடி இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குப் போகலாம். ஐந்து ஊசித் துளையைப் புது மாடல்கள் பலவற்றில் எடுத்துவிட்டார்கள் என்பதையும் அவர்கள் சிக்கனக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

இந்தப் பெருமைகள் எதிலும் பங்கில்லாமல் போனது கேரள அரசின் கைட் நிறுவனம். பள்ளிக் கணினிகளுக்கு அது தருவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். லினக்ஸின் கர்னலோடு சேர்ந்தே வரும் ஆல்சா என்ற ஒலிப் பகுதியில், யமஹா, ரோலண்ட் கருவிகளில் விதிக்கு அடங்காத பழைய மாடல்கள் பலவற்றின் அடையாளங்களை யார் யாரோ பொறுமையாக எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். தயாரித்தவர் கைகழுவிய பிறகும் அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. விலைக்கு வாங்கிய இயங்குதளம் அடையாளம் தெரியாது என்று திருப்பியனுப்பும் கீபோர்டை, காசு கொடுக்காமல் கிடைக்கும் இயங்குதளம் உள்ளே விட்டுவிடுகிறது. வாடிக்கையாளரைப் புதிய கீபோர்டு வாங்கவைக்கும் தொழில் சூட்சுமம் இலவசமாக எழுதுகிறவர்களுக்குக் கைவருவதில்லை. அதற்குக் கோடிக்கணக்கில் முதலீடு வேண்டும்.