மச்சம் பார்த்துப் படித்த கதைகள்

எங்கள் வீட்டில் தொடர்கதை படித்தவர்கள் யாரும் படத்திலிருக்கும் முகத்தை நம்பியதில்லை. புடவையை நம்பினார்கள். ஒற்றைப் பின்னல், கைத்தறிப் புடவை என்றால் கதாநாயகி. குட்டை முடி, கையில்லாத ஜாக்கெட் என்றால் கதாநாயகியின் புருஷனைக் கெடுக்க வந்தவள். மூக்குக்கண்ணாடி இருந்தால் டீச்சர். அம்மா என்றால் அதே முகத்தில் காதோரம் இரண்டு வெள்ளைக் கோடு. நால்வரின் தலையையும் எடுத்து மாற்றி மாற்றி வைத்தாலும் கதை அடுத்த வாரம் நிற்காமல் ஓடியிருக்கும்.

எண்பதுகளில் எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்குப் பத்திரிகை டவுனிலிருந்துதான் வரவேண்டும். திருவண்ணாமலைக்கு வேலையாகப் போகிறவர் யாராவது வாங்கி வருவார். அது நான்கு வீடு சுற்றி எங்களிடம் வரும்போது ஜோக் பக்கம் கிழிந்திருக்கும், குறுக்கெழுத்தை யாரோ தப்பாக நிரப்பியிருப்பார்கள். தொடர்கதைப் பக்கத்தை மட்டும் எல்லா வீட்டிலும் மரியாதையாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் கடைசியில் அவை என் அக்காவுக்குப் போகவேண்டியவை. கோணி ஊசியால் துளைபோட்டு, நூல் கோத்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டை வைத்து அவள் தைப்பாள். அப்படித் தைத்த கதைகள் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன.

ஒருநாள் நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன்: “ஏன்க்கா, இந்தக் கதையில வர்ற பொண்ணும் அந்தக் கதையில செத்துப்போன பொண்ணும் ஒரே ஆளா?” அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இவளுக்கு மோவாயில மச்சம் கீது பாரு” என்றாள்.

ஓவியர் மாருதியின் பெண்கள் அவர்கள். புதுக்கோட்டையில் 1938-ல் ரங்கநாதனாகப் பிறந்து, மாருதி என்ற பெயரில் தமிழ்நாட்டின் பாதி வீடுகளுக்குள் நுழைந்தவர். வட்ட முகம், ததும்பும் கண், நெற்றியோரம் விழும் ஒரு சுருள். அந்த ஒருத்தியே மணமானாள், கைவிடப்பட்டாள், மாமியாரானாள், அடுத்த மாதம் வேறொரு நாவலின் அட்டையில் மறுபடி கல்யாணப் பெண்ணாக வந்து நின்றாள். ஜெயராஜின் பெண்கள் வேறு தினுசு. அவர் படம் போட்ட சுஜாதா கதைகளில் கணேஷும் வசந்தும் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறப்பவள் ஒரே பெண்தான். அக்கா அந்தப் பக்கங்களை என் கண்ணில் படாமல் தைக்கப் பார்ப்பாள்.

எனக்கு அப்போது இது பெரிய குறையாகத் தெரிந்தது. ஓவியர்களுக்கு நாலு முகம் போடத் தெரியாதா என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வேன். அவர்களுக்கு வாய்த்த நேரம் எப்படிப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே வாரத்தில் நாலைந்து பத்திரிகைக்குப் படம் போடவேண்டும். அத்தியாயம் முழுசாகக் கைக்கு வராது. ‘அவள் ஜன்னலருகே நின்று அழுகிறாள், அவன் சூட்கேஸோடு வாசலில்’ என்று போனில் காட்சி வரும். அவளுக்கு எத்தனை வயது, அவன் யார் மகன் என்பதெல்லாம் எழுத்தாளருக்கே அடுத்த வாரம்தான் தெரியும். மாடலை உட்கார வைத்து வரைய எங்கே நேரம்? கைக்குப் பழகிய முகம் தானாக வந்து விழும். அதை மாற்றினால் வாசகர்கள் விடுவார்களா? இந்த வாரம் படம் நன்றாயில்லை என்று கடிதம் போடுவார்கள்.

போடத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். விகடனில் கோபுலு. தில்லானா மோகனாம்பாளுக்கு அவர் போட்ட படங்களில் ஒரு நாகஸ்வரக் கோஷ்டி முழுவதும் நிற்கும். ஆளுக்கொரு மூக்கு, ஆளுக்கொரு கன்னம். தவில்காரர் முகத்தைப் பார்த்தாலே நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று தெரியும். சில்பி இன்னும் ஒருபடி மேலே. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர். அவர் வரைந்த கல் முகங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தன; அதே இதழின் கதைகளில் உயிருள்ள பெண்கள் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தார்கள். இரண்டு பேருக்கும் அந்தப் பெயர்களை வைத்தவர் மூத்த ஓவியர் மாலி. ஒரே குருவின் கையால் பெயர் பெற்ற இருவரும் முகங்களைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார்கள் என்பதை யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

ஒரே முகம் வேண்டும் என்று கதையே கேட்ட இடமும் ஒன்று உண்டு. 1950-ல் கல்கியில் தொடங்கிய பொன்னியின் செல்வன். நந்தினிக்கும் ஊமை ராணிக்கும் ஒரே சாயல். அதை வைத்துத்தான் நந்தினி ஆவி மாதிரி வேஷம் போட்டுச் சுந்தர சோழரை நடுங்க வைக்கிறாள். மற்ற கதைகளில் ஓசியில் கிடைத்த ஒற்றுமை இங்கே திட்டம் போட்டு வரவேண்டும். கூடவே குந்தவை நந்தினி மாதிரி இருந்துவிடக் கூடாது. படம் போட்ட மணியம் அதைக் கொண்டையில் சாதித்தார். அந்தக் கொண்டைகளை அவருக்குப் பின்னால் வரைந்த யாரும் அவிழ்க்கத் துணியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் ஊரில் வளர்ந்தவன் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட்டிருக்கவே கூடாது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே முகத்தை வைத்தா சாமியைக் கண்டுபிடிக்கிறோம்? மான் மழு இருந்தால் சிவன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள், மயில் நின்றால் முருகன். ஸ்தபதிகளுக்கு முகத்தின் நீளமே அளவுகோல். அதுதான் ஒரு தாளம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாளம், 120. புருவத்திலிருந்து மூக்கு நுனிக்கு இவ்வளவு, மூக்கிலிருந்து மோவாய்க்கு இவ்வளவு என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பத்திரிகை ஓவியர்கள் மான் மழுவுக்குப் பதிலாக மூக்குக்கண்ணாடியும் மச்சமும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போதும் அப்படித்தான். கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பார்த்து எங்கள் பாட்டி ஆளைச் சொல்லிவிடுவாள். உள்ளே இருப்பது பக்கத்து ஊர் உழவர் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை.

அக்கா அட்டை போடப் பயன்படுத்திய காலண்டர் லட்சுமிகளும் ஒரே முகம்தான். இதன் மூலவர் கொண்டைய ராஜு (1898–1976). அவருக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்தவர், இளமையில் துறவு மனநிலையில் இங்கே ரமணாசிரமத்தில் வந்து தங்கியிருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனார். நாற்பதுகளில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். சுப்பையா, ராமலிங்கம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். பக்கத்தில் சிவகாசி. அச்சு இயந்திரங்கள் ஓட ஓட, சரஸ்வதியும் லட்சுமியும் மீனாட்சியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகத் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறினார்கள். வீணையா, தாமரையா, கிளியா என்று பார்த்துக்கொள்ளவேண்டியது பக்தர் பொறுப்பு. இரண்டு கண்ணாலும் ரமணரைப் பார்த்தவர் எழுதிய முகங்கள் அவை. அவர் முகங்களில் இருக்கும் சாந்தம் எங்கிருந்து வந்தது என்று நான் ஊகிப்பதை நீங்களும் ஊகிக்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் அண்ணாமலை மட்டும் ஒரே முகம் காட்டி எங்களை ஏமாற்றவில்லை. 2,668 அடி உயரம், கீழே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. நடக்க நடக்கச் சிகரம் ஒன்றாய், இரண்டாய், மூன்றாய்ப் பிரியும். இன்னொரு வளைவில் கூடிவிடும். டவுன்காரர்கள் கிழக்கிலிருந்து பார்ப்பதுதான் மலையின் முன்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் மறுத்ததில்லை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது எங்கள் ஊரில் என்பார்கள். கதவுக்கு உள்ளே ஒருத்தி, வெளியே பலர், விடிகிற நேரத்தில் வாய்ச்சண்டை. ஒருத்தியின் முகத்துக்கும் அடையாளம் சொல்லவில்லை அவர். ஆனால் வாயைத் திறந்தால் ஒவ்வொருத்தியும் வேறு ஆள்.

இப்போது என் மகள் சென்னையில் அனிமேஷன் வேலையில் இருக்கிறாள். பாத்திரத்தைக் கறுப்பு நிழலாக மட்டும் காட்டினாலும் யாரென்று தெரியவேண்டும், அதுதான் அவர்களுக்கு முதல் பாடமாம். “ஒரே மூஞ்சி போட்டா திருப்பி அனுப்பிடுவாங்கப்பா” என்றாள். நாங்கள் ஒரே மூஞ்சியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் அழுதோம் என்றேன். அதற்கு ஜப்பானிலும் ஆள் உண்டு என்றாள். அடாச்சி மிட்சுரு என்ற காமிக்ஸ்காரரின் நாயகர்கள் எல்லோரும் ஒரே முகமாம். ‘டச்’ என்ற கதையில் இரட்டையர்களையே நாயகர்களாக்கிவிட்டார். அவரைக் கேலி செய்தால் அவரும் சேர்ந்துகொள்வாராம். இன்னொரு காமிக்ஸ்காரர் ஒசாமு தெசுகா இன்னும் கெட்டி: இவர்கள் என் நடிகர்கள், ஒரே ஆள் வேறு வேறு கதையில் வேஷம் கட்டுகிறார் என்று சொல்லிவிட்டார். இந்த வாதம் மாருதிக்கு முன்பே கிடைத்திருந்தால் என் திண்ணைத் தீர்ப்புகளை ஒரு வரியில் தள்ளுபடி செய்திருப்பார்.

மாருதி 2023 ஜூலையில் காலமானார். அன்று அக்காவின் போனில் அந்த வட்ட முகம் விடாமல் வந்து விழுந்துகொண்டிருந்தது. “நம்ம வூட்டுப் பொண்ணுங்கள வரைஞ்சவரு” என்றாள். எங்கள் வீட்டில் அந்த முகம் யாருக்கும் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு முகத்தை வரைந்தவர் வேறொருவர்: கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த எஸ்.இளையராஜா. சொந்தபந்தங்களையும் கிராமத்துப் பெண்களையும் உட்கார வைத்து, கறுப்பைக் கறுப்பாகவே, கதவிடுக்கு வெளிச்சத்தில் தீட்டினார். 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோய்விட்டது. அவர் படங்களைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, இது போட்டோவா என்று. நிஜ முகத்தைப் பார்த்தால் நமக்கு வரும் முதல் சந்தேகம் அது.

இன்றைக்கு ஓவியரே வேண்டாம். நாலு வார்த்தை தட்டினால் செயற்கை நுண்ணறிவு முகம் தந்துவிடுகிறது. அதுவும் ஒரே முகம்தான். மெழுகுத் தோல், கூர் மூக்கு, பளிங்குக் கண். முருகனுக்கு ஜிம் உடம்பு. அந்தக் காலத்தில் கையெழுத்தை மூடிவிட்டுப் படத்தைக் காட்டினாலும் இது மாருதி, இது ஜெயராஜ், இது லதா என்று அக்கா சொல்லிவிடுவாள். கதாநாயகியைத்தான் தெரியாது, வரைந்தவரைத் தெரியும். இப்போது இரண்டும் தெரிவதில்லை. கார்த்திகை தீபத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. மலையுச்சியில் தீபம், அடியில் கோபுரம். மலை புனல் கவிழ்த்த மாதிரி கச்சிதமாக இருந்தது. ஒரு பாறை துருத்தவில்லை. 1946-ல் வெல்லிங் எடுத்த ரமணர் புகைப்படத்தைக்கூட யாரோ வழவழப்பாக்கிவிட்டார்கள். தாடியில் ஒரு மயிர் பிசிறு இல்லை. கிரிவலப் பாதைக் கடைகளில் சாவிக்கொத்திலும் காந்தத்திலும் எத்தனை சின்னதாக அச்சடித்தாலும் கெடாத முகம் அது.

போன வருஷம் அக்கா பேரனுக்குக் காது குத்து. தெருமுனையில் வைக்க டவுனில் ஃப்ளெக்ஸ் சொல்லியிருந்தார்கள். பின்னணியில் அதே புனல் மலை. முன்னால் குடும்பம், வரிசையாக. பெரியவள், சின்னவள், மருமகள், சம்பந்தியம்மா எல்லோரும் ரோஜா நிறத்தில் ஒரே வயதில் சிரித்தார்கள். பேனரைக் கட்டிய இடத்தில் நிஜ மலை சரியாக மறைந்துபோயிற்று. அக்காவின் தம்பி என்ற முறையில் என் முகத்தைத் தேடினேன். வேட்டிக்கரையை வைத்து ஒருவாறு முடிவுக்கு வந்தேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு கடைக்குப் போன் போட்டாள்.

“ஏம்பா, அதுல என் மூஞ்சே இல்ல. மூக்குத்திகூட எடுத்துட்டிருக்க. இதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?”

அந்தப் பக்கம் பையன் கொஞ்சமும் அசரவில்லை.

“ஃப்ளெக்ஸ் சதுர அடி கணக்கு ஆன்ட்டி. மூஞ்சிக்குன்னு தனியா எதுவும் போடல.”