லோ கியரில் கண்டி மலைகள்: கேள்வி-பதில்

கேள்வி: கார் ஓட்டத் தெரியும். மலைப்பாதையில் பகி, ஜீப் எதையும் தொட்டதில்லை. கண்டிப் பக்கம் என்னைப் போன்ற புதியவருக்கு ஏற்ற இடம் எது?
— வங்கி ஊழியர், வவுனியா

பதில்: லூல்கந்துர. கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக ஏறுங்கள். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம் அதுதான். தோட்டத்துப் பாதையில் கல்லும் குழியும் உண்டு. ஆனால் தடம் தெளிவாக இருக்கும், பக்கத்திலேயே ஆட்கள் இருப்பார்கள். வழி தவறினால் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் கேட்கலாம். மேலே டெயிலர் குடியிருந்த வீட்டின் எச்சமும் அவர் உட்கார்ந்த கல்லிருக்கையும் இருக்கின்றன. முதல் நாளே நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குள் போய்ப் பழக வேண்டாம். தோட்டப்பாதையில் கை பழகட்டும், பிறகு நக்கிள்ஸ் பார்க்கலாம்.

கேள்வி: பகியா, ஜீப்பா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவர், திருகோணமலை

பதில்: ஜீப்.

கேள்வி: மேலேயுள்ள கேள்விக்கு இரண்டாவது சொல்லும் வேண்டும். ஏன் ஜீப்?
— அதே மாணவரின் நண்பர்

பதில்: பக்கத்தில் உள்ளூர்ச் சாரதி உட்கார்ந்திருப்பார் என்பதால்தான். பகி சின்ன வண்டி. கதவும் கண்ணாடியும் கிடையாது, இரும்புக் குழாய்க் கூடு ஒன்றுதான் காவல். கிளச் மிதிக்கும் வேலை இல்லாததால் ஓட்டுவது சுலபம், அதனாலேயே வேகமும் சுலபமாக வந்துவிடும். சமதரையில் அதை ஓட்டிப் பழகுவது சந்தோஷமான விஷயம்தான். ஆனால் கண்டி மலைகளில் ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். எதிரே கொழுந்து லொறி வந்தால் எந்த வளைவு வரை பின்னால் எடுக்க வேண்டும் என்பது அந்த வீதியிலேயே வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

பகிதான் வேண்டும் என்றால் நாலு விஷயம் பாருங்கள். தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் இருக்கிறதா? தலைக்கவசம் உங்கள் தலைக்குப் பொருந்துகிறதா? முன்னே ஒரு வழிகாட்டி வண்டி போகுமா? மலையேறும் முன் வெட்டவெளியில் ஓட்டிப் பழக விடுவார்களா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் காசைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஏறும்போது பயமில்லை, இறங்கும்போதுதான் வயிறு கலங்குகிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கலாமா?
— ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: உங்கள் வயிறு சரியாகத்தான் சொல்கிறது. மலையில் ஆபத்து இறக்கத்தில்தான். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறி, எரிந்த வாடை வீசும். பெடல் மெத்தென்று உள்ளே போகும், அதற்குப் பிறகு அழுத்தினாலும் பிடிக்காது. ஈரக் களிமண்ணில் சங்கதி இன்னும் மோசம். சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பியும் பலனில்லை.

நல்ல ஜீப் சாரதியின் கையை ஒருமுறை கவனியுங்கள். இறக்கத்தின் உச்சியிலேயே வண்டியை முழுதாக நிறுத்துவார். பெரிய கியருக்குப் பக்கத்திலுள்ள சின்னக் கம்பியை லோவுக்கு இழுப்பார், டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். முதல் கியர் போட்டு, கிளச்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுவார். எஞ்சின் கனத்த குரலில் முனகத் தொடங்கும். அந்த முனகல்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி தானாக இறங்கும், பிரேக்குக்குச் சும்மா ஒரு தொடுகை போதும். பகியிலும் லோ உண்டு. ஆனால் சில மாதிரிகளில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் எஞ்சினைச் சக்கரத்தோடு இணைக்கும் பெல்ட்டின் பிடி கழன்று வண்டி உருள ஆரம்பிக்கும். உங்களுக்குத் தரும் வண்டி எந்த ரகம் என்று புறப்படும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்க வேண்டுமா, இளக்கமாகவா?
— வாசகர், மாத்தளை

பதில்: பிடி உறுதியாக இருக்கட்டும், பெருவிரல்கள் வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் சடாரென்று சுழலும். உள்ளே மடித்து வைத்த பெருவிரல் தப்பாது. இன்னொன்று: வண்டி சாய்வது போலத் தோன்றினால் கையை வெளியே நீட்டித் தாங்கப் பார்க்காதீர்கள். உங்களைக் காக்கத்தான் அந்த இரும்புக் கூடு இருக்கிறது. கை, கால் எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும்.

கேள்வி: தேயிலை வரிசைக்குள் வண்டியை விட்டு ஒரு வட்டம் அடித்தால் வீடியோ பிரமாதமாக வரும் என்கிறான் நண்பன். செய்யலாமா?
— சுற்றுலா ரசிகர், கொழும்பு

பதில்: கூடாது. அங்கே என்ன உடைகிறது என்று சொன்னால் உங்கள் நண்பரே ஒப்புக்கொள்வார்.

தோட்டச் சரிவில் தேயிலைக்கு நடுவே குறுக்காகக் கான் ஓடும். மழை நீரை மெல்லத் திருப்பி, மண்ணைத் தேக்கி வைக்க மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டியது அது. தோட்டத்தில் கான் வெட்டு தனி வேலை. முழங்கால் மடக்கிக் குனிந்து, இடுப்பு நோகச் செய்யும் வேலை. உங்கள் வண்டியின் ஒரு சக்கரம் அந்தக் கானின் கரையை இடித்தால் போதும், அடுத்த மழையில் தண்ணீர் கானை விட்டுச் சக்கரத்தடத்தில் இறங்கும். ஒரு பருவ மழை முடிவதற்குள் தடம் ஓடையாகும், ஓடை பள்ளமாகும். மேல் மண் கரைந்து தேயிலையின் வேர் வெளியே தெரியும். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் பெரும்பாலும் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம் இருக்கும். அங்கே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

தடத்தை விட்டு ஒரு அடியும் இறங்காதீர்கள். கற்பாதைக்குள்ளேயே வேண்டிய குலுக்கல் கிடைக்கும்.

கேள்வி: இந்த மலைப்பாதைகளை எல்லாம் வெள்ளைக்காரன்தானே போட்டான்?
— ஓய்வுபெற்றவர், யாழ்ப்பாணம்

பதில்: திட்டம் போட்டவர்களின் பெயருக்குத் தூண் உண்டு. கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கேப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. தோட்டப் பாதைகளில் கல் சுமந்தவர்களுக்கும், காடு வெட்டியவர்களுக்கும் அப்படி எதுவும் இல்லை. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் அவர்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023இல் அவர்களுடைய வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே திசையில் நடந்தார்கள். லூல்கந்துரவில் டெயிலரின் இருக்கையில் உட்கார்ந்து படம் எடுங்கள், தவறில்லை. உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த பாதையின் விளிம்பில் அடுக்கியுள்ள கற்களையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையால் தூக்கி வைத்தார்.

கேள்வி: ஜீப்புக்கும் கண்டிக்கும் அப்படி என்ன பழைய உறவு?
— வாசகர், பேராதனை

பதில்: உங்கள் ஊர்ப் பூங்காவிலேயே இருக்கிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு மாற்றினார். படையோடு ஜீப்பும் வந்தது. போர் முடிந்தது, 1948இல் ஜீப்பைப் பார்த்து லேண்ட் ரோவர் பிறந்தது. தோட்டத் துரைமாருக்கு அதன் பிறகு வேறு வண்டி பிடிக்கவில்லை. இன்றும் மலையில் பழைய லேண்ட் ரோவரைச் சீராட்டி ஓட்டும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

கேள்வி: மீமுரே போக ஆசை. புதியவர் ஓட்டலாமா?
— தகவல் தொழில்நுட்பர், டொரொண்டோ

பதில்: போகலாம், ஓட்ட வேண்டாம். கண்டி–மகியங்கனை ஏ26 வீதியில் ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, லூல்வத்த தாண்டி, கோர்பெட்ஸ் கணவாயில் ஏறி இறங்கினால் மீமுரே கிராமம். கணவாயில் நின்றால் எதிரே லக்கேகல கூம்பாக எழுந்து நிற்கும். இராவணன் கதையோடு ஊரார் சேர்த்துச் சொல்லும் மலை அது. அந்த இறக்கத்தைக் கண்ணால் பார்க்கத்தான் போக வேண்டும், ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு போனால் பாதையைத் தவிர ஒன்றும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு அது உல்லாசப் பயணம். மீமுரேக்காரருக்கு அந்தப் பாதைதான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி. நெல் மூட்டையும் மிளகு மூட்டையும் காய்ச்சல்காரப் பிள்ளையும் அதே ஜீப்பில்தான் ஏற வேண்டும். எதிரே ஊர் வண்டி வந்தால் ஒதுங்கி நின்று விடுங்கள். தொலைபேசிச் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கண்டியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். சிக்னல் இருக்கும் இடத்தில் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

கேள்வி: நக்கிள்ஸ் காட்டுக்குள் வண்டி விட்டால் யாருக்கு என்ன நட்டம்? காடு பெரியதுதானே!
— வாசகர், நீர்கொழும்பு

பதில்: காடு பெரியது, அதில் வாழ்வது சிறியது. இலை போன்ற மூக்குள்ள ஓணான் ஒன்று நக்கிள்ஸில் மட்டுமே இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் தேட முடியாது. மாத்தளைப் பக்கம் ரிவர்ஸ்டனுக்கு அருகே பிட்டவல பத்தனை என்ற புல்வெளி இருக்கிறது. பாறை மேல் மெல்லிய மண், அதன் மேல் புல், அவ்வளவுதான். ஒரு சக்கரம் கிழித்தால் மறுபடி மண் சேர எத்தனை காலம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மலைத்தொடர் 2000இல் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடுகளோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வனத் திணைக்களத்தின் டிக்கெட் வாங்கி, அனுமதித்த வீதியில் மட்டும் வண்டி போக வேண்டும். மற்றதை நடந்து பாருங்கள். ஓணான் நடப்பவருக்குத்தான் தென்படும்.

கேள்வி: எந்த மாதம் வரலாம்?
— புதுமணத் தம்பதி, திருச்சி

பதில்: பெப்ரவரி, மார்ச். கண்டியில் மழை குறைந்த காலம். ஒக்டோபர், நவம்பரில் மத்தியானம் தாண்டினால் இடியோடு கொட்டும், களிமண் பாதை சோப்புக்கட்டி ஆகிவிடும்.

மழைக்காலத்தில் வர நேர்ந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. மஞ்சள் என்றாலே மலைப் பயணத்தைத் தள்ளி வையுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டம் பட்ட பாடு எங்களுக்கு மறக்காது. வீடுகளோடு குடும்பங்களை மண் மூடியது. வானம் வெளுத்து விட்டாலும் சரிவு நனைந்தே இருக்கும். ஊற்று நீர் திடீரென்று கலங்கி வந்தால், நிலத்தில் புது வெடிப்புத் தெரிந்தால், மரம் சாய்ந்து நின்றால் வந்த வழியே திரும்புங்கள். முற்பணம் போனால் போகட்டும்.

கேள்வி: தமிழ்நாட்டு லைசென்ஸ் செல்லுமா?
— அதே திருச்சித் தம்பதியில் கணவர்

பதில்: அதை மட்டும் காட்டி இலங்கைப் பொது வீதியில் ஓட்ட முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுங்கள். பகிக்கு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அந்த வண்டி பொது வீதியில் ஓடப் பதிவு பெற்றதா? பயணக் காப்புறுதிப் பத்திரத்தையும் பொடி எழுத்து வரை படியுங்கள். இந்த வகை வண்டிகளை விலக்கி வைக்கும் காப்புறுதிகள் நிறைய உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு முதுகு வலி. அவரையும் ஜீப்பில் ஏற்றலாமா?
— மகள், வத்தேகம

பதில்: வேண்டாம் பிள்ளை. முதுகு வலிக்காரரும் கர்ப்பிணிகளும் இந்தக் குலுக்கலுக்கு வரக்கூடாது. அம்மாவைக் காரில் ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் அது. மேல்மாடியில் தேநீர் குடித்தபடி மலையைப் பார்க்கலாம்.

கேள்வி: அட்டைக் கடி?
— பயந்தவர், வெள்ளவத்தை

பதில்: கடிக்கும். பிடுங்கி எறியாதீர்கள், நகத்தால் வாயோரம் நெம்பிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சித்தாலேப தைலம் பூசிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நீண்ட காலுறை எல்லாவற்றையும் விட நல்லது.

கேள்வி: மீமுரேயில் மத்தியானச் சாப்பாடு கிடைக்குமா?
— நாலு நண்பர்கள், ஹட்டன்

பதில்: கிடைக்கும், முதல் நாளே சொல்லி வைத்தால். வீட்டுச் சமையல்தான். சோறு, பலாக்காய்க் கறி, முடிந்தால் தயிரும் கித்துள் பாணியும். சொல்லாமல் போய் நின்றால் அந்த வீட்டு அம்மா தங்கள் பங்கை உங்களுக்குப் போட்டுவிடுவார். கடை தூரம் என்பதால் மாலை வரை அவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள்.