தூக்கம் கொஞ்சம் ஓவர்

ஏண்டி, நீ வாட்ஸப்புல அனுப்புன லிஸ்ட்டை எதிர்வீட்டுப் பையனை விட்டு ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். மொத தடவை அவன் சரியாப் படிக்கலையோன்னு சந்தேகம். ரெண்டாந்தடவையும் அதேதான் வந்துச்சு. பாப்பாவுக்கு எட்டு வயசு முடியுது, சந்தோசம். கூடப் படிக்கிற புள்ளைங்க அஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு நம்மூருக்கு வரப்போறே, அதுவும் சந்தோசம். ஆறு பேரும் ஒண்ணாப் படுத்துத் தூங்கப்போறாங்க, அதுக்குப் பேரு ‘ஸ்லீப் ஓவர்’னு கலர்ல பத்திரிகை வேற. காதுகுத்துக்குப் பத்திரிகை பார்த்திருக்கேன், கெடா வெட்டுக்குப் பார்த்திருக்கேன். தூங்குறதுக்குப் பத்திரிகை இப்பத்தான் பார்க்கிறேன். “ஆயா, ஓவர்னா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்”னு அந்தப் பய விளக்கம் சொன்னான். பேரு வச்சவன் வெவரமானவன்தான். ஆறு புள்ளைங்களை ஒரே கூடத்துல படுக்கப் போட்டா தூக்கம் முடிஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்?

மாப்புள்ளை பக்கத்துல இருந்தா போனை ஸ்பீக்கர்ல போடாதே. நல்ல மனுசன். நான் பேசுறதைக் கேட்டா சிரிக்கவும் முடியாம, கோவிச்சுக்கவும் முடியாம, தண்ணி குடிக்கிற சாக்குல எந்திரிச்சுப் போயிருவாரு.

பொறந்தநாள் எங்களுக்குத் தெரியாததுன்னு நெனைக்காதே. எனக்கே ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியாரு வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னாரு. தொட்டேன். அஞ்சு வயசாயிருச்சுன்னு எழுதிட்டு, சும்மா இருக்கட்டுமேன்னு ஜூன் 1ன்னு ஒரு தேதியும் போட்டுட்டாரு. எங்க செட்டுல பாதிப்பேருக்கு ஜூன் 1தான். ஆதார் கார்டை அடுக்கி வச்சா நாங்கள்லாம் ஒரே வயித்துல பொறந்தவங்க மாதிரி இருப்போம்.

நம்மூருக்குன்னு ஒரு பெரிய பொறந்தநாள் இருக்கே, கோயில் கட்டுன ராசேந்திர சோழனுக்கு! அவருக்கும் தேதி கெடையாது, நட்சத்திரந்தான். ஆடித் திருவாதிரை. 2025ல ஜூலை 23ல தொடங்கி 27 வரைக்கும் அஞ்சு நாள் நடத்துனாங்க. அவரு கடல் தாண்டிப் படை அனுப்பி 1000 வருசம் ஆச்சுங்கிறதையும் சேர்த்துக் கொண்டாடுனாங்க. கடைசி நாளு பிரதமர் வந்தாரு, இளையராஜா பாடுனாரு, ராசா பேருல நாணயம் வெளியிட்டாங்க. அன்னிக்கு நம்ம தெருவுல நின்ன காரை எண்ணியிருந்தா எனக்கு அன்னிக்கே தூக்கம் வந்திருக்கும். அவ்வளவு கூட்டத்துலயும் ஒருத்தரும் ராத்திரி தங்கிட்டுப் போறேன்னு பாயைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வரலை. உன் மவ வர்றா. ராசாவுக்கு மேல.

சரி, லிஸ்ட்டுக்கு வர்றேன். மொட்டைமாடியில நூறு பலூன், துணியில சின்னச் சின்னக் கூடாரம், சீரியல் லைட்டு. ஏண்டி, மாசம் என்ன மாசம்? ஆடி. அம்மியே பறக்குற காத்துல நூறு பலூனா? அந்தப் பலூனு மீன்சுருட்டி தாண்டிப் போய் நிக்கும், கூடாரத்தை அணக்கரையில போய்ப் பொறுக்கணும். நீ கூடத்துலயே பாயை விரி. கூடாரம் வேணும்னா ரெண்டு நாற்காலி போட்டு என் பழைய சேலையை மேல விரிச்சு விடு. எட்டு வயசுக்கு அதுதான் அரண்மனை. நம்ம ராசா அரண்மனையே இப்ப மாளிகைமேட்டுல செங்கல் வரிசையாத்தான் கெடக்கு, அதுக்கு என் சேலை தேவலை.

போன மாசம் அந்த இன்னொரு புள்ளைக்கு ரிசார்ட்டுல வச்சுப் பண்ணுனாங்களாமே, அதுக்குக் கம்மியாச் செஞ்சா பாப்பாவுக்கு அசிங்கம்னு சொன்னே பாரு, அங்கதான் எனக்கு நம்ம கோயில் ஞாபகம் வந்துச்சு. ராசாவோட அப்பா கட்டுன தஞ்சாவூர் விமானம் 216 அடி. மவன் கங்கை வரைக்கும் படை அனுப்புனவரு, கடாரம் வரைக்கும் கப்பல் விட்டவரு. அவரு இங்க ஏறக்குறைய 180 அடியோட நிறுத்திக்கிட்டாரு. கையில காசு இல்லாமலா? எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கு. நீ அந்தப் புள்ளையோட அம்மாவைத் தாண்டி இன்னும் ரெண்டு மாடி எழுப்பணும்னு நிக்கிறே. புள்ளைங்களுக்குக் கொடுத்தனுப்ப வெள்ளி முலாம் பூசுன டப்பாவாம்ல? ஆளுக்கு ஒரு பல்லாங்குழி கொடு. நாப்பது வருசம் கழிச்சும் அது பரண்ல கெடக்கும்.

இப்ப முக்கியமான விசயம். ‘12 மணி: கேக் கட்டிங்’னு எழுதியிருக்கே. எவ்வளவு நேரம் எந்த வயசுப் புள்ளை கண்ணு முழிக்கும்னு எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. படிச்சவங்க புத்தகத்துல தேட வேண்டியதில்லை, சிவராத்திரியே அளந்து கொடுத்திருக்கு. நாலு காலப் பூசைல்ல? அஞ்சு வயசுப் புள்ளை நானும் முழிப்பேன்னு சபதம் போடும், மொதக் காலத்துக்கு மணி அடிக்கும்போதே மடியில சாஞ்சிரும். எட்டு, ஒம்போது வயசு ரெண்டாங்காலம் வரைக்கும் தாயம் உருட்டும். அதுக்கு மேல இழுத்தா வெட்டுனது யாரு, காய் யாருதுன்னு அடிதடி வந்துரும். பன்னெண்டு வயசு மூணாங்காலத்தைப் பார்த்துரும். நாலாங்காலம் வரைக்கும் முழிச்சிருக்கிறது எங்கள மாதிரிப் பொம்பளைங்கதான், அதுவும் பக்தியில இல்ல, ஊர்க்கதை பாதியில நின்னா வயித்துவலி வரும்னு. ராத்திரி 12ன்னா மூணாங்காலம் தொடங்குற நேரம்டி. எட்டு வயசுப் புள்ளைங்களை எழுப்பி உட்கார வச்சு மெழுகுவத்தி ஊதச் சொன்னா மெழுகுவத்தியை ஊதாது, உன்னையத்தான் ஊதும். கேக்கை ஏழு மணிக்கு வெட்டு. பத்து மணிக்கு விளக்கை அணை. அப்புறம் பதினொண்ணு வரைக்கும் இருட்டுல கிசுகிசுன்னு பேசிக்கிட்டுக் கெடக்கும், அது காதுல விழாத மாதிரிப் படுத்துக்க. அவங்க வந்ததே அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

லிஸ்ட்டுல ‘தம்பி ஃப்ரெண்ட்ஸ் - 2’ன்னு ஓரத்துல பொடி எழுத்துல இருக்காமே. நாலரை வயசு வாண்டுகளுக்கு ராத்தங்கல் எதுக்கு? வரட்டும், நைட்டி மாதிரி உடுப்புப் போட்டுக்கட்டும், சாப்பிடட்டும், கதை கேக்கட்டும், எட்டு மணிக்கு அவங்கவங்க அம்மாவோட போய்ப் படுத்துக்கட்டும். அவங்களுக்கு அதுவே பாதி ராத்திரி. பெருமையாப் போய்ச் சொல்லிக்குவாங்க.

சாப்பாடு. ஜெயங்கொண்டத்துல இருந்து பீசா வரவழைக்கணும்னு போட்டிருக்கே. வரவழைக்கலாம், ஆறிப்போய் அப்பளமா வரும். நீங்கள்லாம் சின்னதா இருந்தப்போ நிலாச்சோறு சாப்பிட்டதை மறந்துட்டியா? ஒருத்தி வீட்டுல இருந்து புளிச்சோறு, இன்னொருத்தி தயிர்சோறு, ஒருத்தி வெறும் அப்பளத்தைக் கொண்டாந்துட்டு ரெண்டு ஆளு சோறு தின்னுவா. அவ பேரைச் சொல்ல மாட்டேன், இப்போ பெரிய இடத்து மருமவ. நிலா வெளிச்சத்துல வட்டமா உட்கார்ந்து தின்னுட்டுக் கும்மியடிச்சீங்க. அஞ்சு அம்மாகிட்டயும் ஆளுக்கு ஒரு டப்பாவுல ஏதாச்சும் கொடுத்தனுப்பச் சொல்லு. தன் வீட்டு ருசி ஒரு வாய் உள்ள போனா வெளியூருல புள்ளை அழாது.

ஆனா கொடுத்தனுப்பும்போதே எந்தப் புள்ளைக்கு எது ஆகாதுன்னும் கேட்டு எழுதி வாங்கிக்க. வேடிக்கைக்குச் சொல்லலை. நாம முந்திரிக்கொல்லைக்காரங்க. பாயசத்துல முந்திரி, பொங்கல்ல முந்திரி, சட்னியில கூட முந்திரி போடுற ஆளு நான். சில புள்ளைங்களுக்கு ஒரு பருப்பு தின்னாலே உதடு வீங்கி மூச்சு முட்டிருமாம். அப்படி ஒண்ணு இருந்தா அன்னிக்கு அடுப்படிப் பக்கமே முந்திரி வரக்கூடாது, நான் வாயைக் கட்டிக்கிறேன். இன்னொண்ணு, பட்டணத்துப் புள்ளைங்களுக்கு முந்திரிக்கொட்டை சுட்டுக் காட்டுறேன்னு உங்க அப்பா கிளம்புவாரு. விடாதே. சுடும்போது தோட்டுல இருந்து எண்ணெய் தெறிக்கும், பட்ட எடம் கொப்பளிச்சுரும். என் உள்ளங்கையைப் பாரு, அறுபது வருசம் கொட்டை உடைச்ச கை, ரேகை பார்க்குறவன் கூட என்கிட்ட காசு வாங்க மாட்டான்.

சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. புல்தரையில ஓடட்டும். அங்கேயே கேக்கு வெட்டலாமான்னு யோசிக்காதே, காவக்காரர் விசில் ஊதுவாரு. ஏற்கெனவே 1836ல வெள்ளைக்காரன் அணக்கரையில அணை கட்டுறதுக்கு நம்ம கோயில் மதிலைப் பேர்த்துக் கல்லு கொண்டுபோயிட்டான். மிச்சத்தை உன் ஆறு பேரும் பேர்க்க வேணாம். வடக்குப் படிக்கிட்ட ஒரு செலை இருக்குல்ல? சாமியும் அம்மனும் உட்கார்ந்திருக்க, கீழ கைகூப்பி உட்கார்ந்திருக்கிற சண்டேசுவரர் தலையில சாமியே பூமாலையைச் சுத்திக் கட்டிவிடுற செலை. அதைக் காட்டு. நம்ம வீட்டுப் புள்ளைக்குத் தலை பின்னிப் பூ வைக்கிற மாதிரியே கையி வளைஞ்சிருக்கும். பொறந்தநாள் அன்னிக்குக் காட்டுறதுக்கு அதைவிட என்ன இருக்கு? ஆனா அந்த மாலை எதுக்குக் கெடைச்சதுன்னு கதையை மட்டும் முழுசாச் சொல்லிராதே. அவரு பால்குடத்தை உதைச்ச அப்பன் காலை வெட்டுனவரு. ராத்திரி பூரா ஆறு புள்ளைங்களும் அவங்க அப்பன் காலு பத்திரமா இருக்கான்னு போன் போட்டுக் கேக்கும். எட்டு வயசுக்குப் பூ வரைக்கும் போதும். வெட்டு பன்னெண்டுக்கு மேல.

பேய்க் கதையும் அப்படித்தான். மாப்புள்ளை சினிமாக் கதை சொல்றேன்னு வருவாரு. வேணாம்னு சொல்லு. நான் முனி கதை சொல்றேன், என் முனி ரொம்ப நல்லவன், வழி தெரியாம நின்ன புள்ளையை வீட்டுல கொண்டாந்து விட்டுட்டு வெத்தலைபாக்கு வாங்கிட்டுப் போவான்.

ராத்திரி ஆம்பளைங்க யாரா இருந்தாலும் வாசக் கட்டில்லதான். உங்க அப்பா, உன் தம்பி, மாப்புள்ளை, எல்லாரும். இதுல சந்தேகமும் இல்ல, கோவமும் இல்ல. அஞ்சு வீட்டுக்காரங்க பொம்பளைப் புள்ளையை நம்மளை நம்பி அனுப்புறாங்க, கூடத்துல நானும் நீயும் படுப்போம், வீட்டுல யாரு யாரு இருப்பாங்கன்னு அந்த அம்மாக்கள்கிட்ட முன்னாடியே சொல்லிரு. அவங்க கேக்கக் கூச்சப்படுவாங்க. அப்புறம், புள்ளைங்க ராத்திரி உடுப்போட வாயைப் பொளந்து தூங்குறதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற வேலையெல்லாம் வேணாம். நீ தூங்கும்போது எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியும். அந்தக் காலத்துல போன் இல்லாததால தப்பிச்சே.

பெரியவன் மவளும் வர்றா, அவளுக்குப் பதினொண்ணு ஆகுது. சின்னதுங்களோட படுக்க மாட்டேன்னு மூஞ்சைத் தூக்கும், அவளைக் குட்டித் தலைவியாக்கி விளக்கணைக்கிற பொறுப்பைக் கொடுத்துரு. அந்த வயசுக்கு எந்த நேரமும் அது வரலாம்ல, கண்ணாடி அலமாரியில மேல்தட்டுல நாப்கின் பாக்கெட்டு வச்சிருக்கேன். எங்க இருக்குன்னு அவகிட்ட மட்டும் சொல்லு. வந்தா வந்துட்டுப் போவுது, தனியா ஒரு மூலையில பாய் போட மாட்டேன், பேனரும் அடிக்க மாட்டேன். என்னடா அம்மா மாறிட்டாளேன்னு பார்க்கிறியா? உனக்கு மூலையில பாய் போட்டு உட்கார வச்சப்போ நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கலை.

எல்லாம் சரியா நடந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணு எந்திரிச்சு ‘அம்மாகிட்டப் போணும்’னு அழும். எந்தக் கூட்டத்துலயும் ஒண்ணு உண்டு. அதுக்கு “அழாதே, பெரிய பொண்ணுல்ல”ன்னு சொல்லாதே. போனைப் போட்டுக் கொடு, அம்மா குரலைக் கேட்டா பாதி சரியாயிரும். மீதிக்கு வாசல்ல கூட்டிட்டு வந்து நட்சத்திரத்தைக் காட்டிட்டு என் பக்கத்துல படுக்கப் போடு. அப்பவும் அழுதா, அந்தம்மா ஊருக்குள்ளயே எங்கேயாச்சும் ரூம் போட்டுத் தங்கியிருக்கணும், கொண்டுபோய் விட்டுரணும். காலையில அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. உனக்கு ஏழு வயசுல, ஜெயங்கொண்டத்துப் பெரியம்மா வீட்டுல ஒரு ராத்திரி தங்குறேன்னு புதுப் பாவாடையைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போனியே. நடுராத்திரியில தகவல் வந்து உங்க அப்பா சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போய்க் கூட்டியாந்தாரு. ஏண்டி அழுதேன்னு கேட்டதுக்குப் பெரியம்மா வீட்டுச் செவுத்துல பல்லின்னு சொன்னே. எங்க வீட்டுல மட்டும் பல்லி இல்லாமயா இருந்துச்சு? ஆனா நாங்களும் பல்லின்னே வச்சுக்கிட்டோம். நாளது வரைக்கும் பெரியம்மா ஒரு வார்த்தை வெளிய சொன்னதில்லை, அவளும் நல்லவ.

பாய் கொண்டாராதே, பரண்ல எட்டுப் பாய் இருக்கு, ஆடி வெயில்ல காயப் போட்டுத் தட்டி வைக்கிறேன். தலையாணியை மட்டும் அவங்கவங்களுது கொண்டாரச் சொல்லு. ஏழு மணிக்கு மேல பாயசம், ஜூஸுன்னு ஊத்திவிடாதே. படுக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வரிசையாக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா, கொல்லை லைட்டு விடிய விடிய எரியட்டும். வரும்போது கடையில ஒரு ரப்பர் ஷீட்டு வாங்கிட்டு வா, ரெண்டா வாங்கு. எதுக்குன்னு மாப்புள்ளை கேட்டா, எங்க ஊருப் பக்கம் பல்லி ஜாஸ்தின்னு சொல்லிரு.